ஹால் கலர் பாலன்

டிசம்பர் 3

காலையிலிருந்து இரண்டு வீட்டுக்குப் பட்டி தேய்த்தேன். கிறிஸ்துமஸ் நெருங்கினால்தான் எல்லோருக்கும் தங்கள் வீட்டுச் சுவர் அழுக்கு என்று ஞானம் பிறக்கும். பெயின்டருக்கு அதுவும் ஆண்டவர் கிருபை.

சாயங்காலம் கோயில் கமிட்டிக் கூட்டம். போகாமல் இருந்திருக்கலாம்.

இந்த வருஷம் செயலாளர் வேறு யாருமில்லை, என் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை. எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். இந்த முறை முற்றத்து நடுவில் பாலன் இயேசுவின் குடில் கிடையாதாம். அங்கே கிறிஸ்துமஸ் தாத்தா வீடு வருமாம். பஞ்சுக் கூரை, மோட்டார் வைத்த மான், அது தலையை ஆட்டும், பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க ஒரு வளைவு. குடிலை மாடிப்படிக்குக் கீழே வைத்துக்கொள்ளலாமாம். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில்.

"அப்போ யாருக்குப் பிறந்தநாள்னு ஒரு போர்டு எழுதி வச்சிருங்க மாப்பிள்ளை. வர்றவங்க குழம்பிடப் போறாங்க" என்றேன். அது நன்றாகத்தான் வந்தது.

அவர் சிரித்துக்கொண்டே, "கோவிச்சுக்காதீங்க மச்சான். நீங்க வருஷா வருஷம் கட்டுற குடில்ல மாடு எது, சூசையப்பர் எதுன்னே தெரிய மாட்டேங்குது" என்றார்.

கூட்டமே சிரித்தது. பங்குச் சாமியார் வாயைத் துடைக்கிற மாதிரி கைக்குட்டைக்குள் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன்?

டிசம்பர் 4

மாட்டுக்குக் காது கொஞ்சம் பெரிசுதான். அதற்காக?

டிசம்பர் 7

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்ச வீட்டுக்கே வந்துவிட்டார். தாத்தா வீட்டுக்கும் மானுக்கும் நானே பெயின்ட் அடித்துத் தர வேண்டுமாம்.

"உங்கள விட்டா நமக்கு யாரு இருக்கா மச்சான்? எங்க வீட்டு ஹால்ல ஈரப் பெயின்ட் கையில ஒட்டிக்கும்னு, பாப்பா பொறந்து வர்றதுக்கு முன்னாடியே அடிச்சுக் குடுத்தீங்களே, வர்றவங்க எல்லாம் யாரு அடிச்சது, யாரு அடிச்சதுன்னு கேக்குறாங்க."

அந்த ஹால் கலர், வெந்தயமும் இல்லாமல் ரோஜாவும் இல்லாமல் ஒரு நிறம், நான்கு தடவை கலந்து பிடித்தது. மிச்சம் இன்னும் ஷெட்டில் இருக்கிறது. அடித்தவன் வேண்டும், அவன் கட்டுகிற குடில் வேண்டாம்.

"தாராளமா செஞ்சுடலாம் மாப்பிள்ளை" என்றேன். தேன் ஒழுகச் சொன்னேன். உள்ளே கொள்ளிக்கட்டை.

டிசம்பர் 10

மான் முடிந்தது. மூக்குக்குக் கீழே இரண்டு இழுப்பு. மாப்பிள்ளையின் மீசை அப்படியே இறங்கியது. நுனியில் அந்தச் சின்ன முறுக்கு உட்பட. நான் மாடு வரைந்தால்தான் சூசையப்பர் மாதிரி இருக்கும். மாப்பிள்ளையை வரைந்தால் மாப்பிள்ளை மாதிரியே இருக்கிறது!

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பார்த்துவிட்டு, "அப்பா, மாமாவ ஏன் மோட்டார்ல மாட்டியிருக்கீங்க?" என்றாள். வாயைப் பொத்தினேன். அவள் வாயை.

ஆனால் இது போதாது. மீசை பழி இல்லை, சில்லறை.

டிசம்பர் 12

கிடைத்துவிட்டது.

எங்கள் கோயிலில் ஒரு முறை உண்டு. குடிலில் மாதா, சூசையப்பர், மாடு, கழுதை எல்லாம் முன்பே வந்துவிடும். தொட்டில் மட்டும் காலி. பாலன் இயேசு சுரூபம் குடில் கட்டுகிறவன் வீட்டில், அதாவது என் வீட்டு அலமாரியில், தூங்கும். நிஜமாகவே கண் மூடித் தூங்குகிற பாலன்தான். இருபத்துநாலாம் தேதி மாலைப் பூசையில் விளக்கை எல்லாம் அணைப்பார்கள். அந்த வருஷம் கடைசியாகப் பிள்ளை பெற்ற பெண் பாலனைக் கையில் ஏந்திவந்து தொட்டிலில் கிடத்துவாள். அப்புறம்தான் மணி அடிக்கும். அப்புறம்தான் பண்டிகை.

பாலன் இல்லாவிட்டால்?

எல்லாத் தலையும், ஏற்பாட்டுக்கெல்லாம் பொறுப்பான செயலாளர் பக்கம் திரும்பும். மாப்பிள்ளை இல்லாத கல்யாணப் பந்தல் மாதிரி நிற்பார். "தாத்தாவக் கொண்டாந்தீங்க, பாலன் எங்கய்யா?" என்று யாராவது ஒருவர் கேட்டால் போதும், என் காதில் தேன். ஒருவரும் கேட்காவிட்டால்? அது இன்னும் நல்லது. நீங்கள் கொண்டாடுவது யாரை என்று நான் எழுந்து கேட்பேன்.

பாலனைப் பழைய வேட்டியில் சுற்றி, காலி எமல்ஷன் பெயின்ட் வாளி ஒன்றில் வைத்து, மூடியை அழுத்தி, ஷெட்டில் மற்ற வாளிகளோடு அடுக்கிவிட்டேன். "கையில விரிசல். சிலை செய்யறவர்கிட்ட குடுத்திருக்கேன்" என்று மனைவியிடம் சொன்னேன். நம்பிவிட்டாள். நல்லவள். அதுதான் இவளிடம் எனக்குப் பிடிக்காதது.

பழிவாங்குவது என் வேலை என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறாராம். இருக்கட்டும். டிசம்பரில் அவருக்கும் வேலை அதிகம். கைவேலைக்கு ஓர் ஆள் இருந்தால் நல்லதுதானே.

டிசம்பர் 14

வேலைக்கு நடுவில் மூன்று தடவை மாப்பிள்ளையின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தொங்கியது. சுகமாக இருக்கிறது.

டிசம்பர் 18

மாடிப்படிக்குக் கீழே குடில் கட்டி முடித்தேன். படியின் அடிப்பக்கம் தலையில் இடிக்கிறது. குனிந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். மாட்டின் காதைக் கொஞ்சம் வெட்டினேன். பிறகு ஏன் வெட்டினேன் என்று என் மேலேயே எரிச்சல்.

நடு முற்றத்தில் மான் இப்போதே தலையாட்ட ஆரம்பித்துவிட்டது. பார்க்கக் கூட்டம். ஆடட்டும், ஆடட்டும்.

டிசம்பர் 20

தங்கை வந்தாள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. மூன்று மாதம். தலை இன்னும் நிற்கவில்லை.

பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணி எடுத்தாள். உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சட்டை.

"பாப்பா ஞானஸ்நான உடுப்புல மிச்சம் இருந்துச்சுண்ணே. பாலனுக்குத் தச்சேன். அளவு பாக்கணும், எடு."

"எதுக்கு உனக்கு இந்த வேலையெல்லாம்?"

"நல்லாக் கேட்டே போ! இந்த வருஷம் நான்தானே தூக்கணும்?"

தலையில் ஏணி விழுந்த மாதிரி இருந்தது. ஒன்பது வருஷம். ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒருத்தி பாலனைத் தூக்கிக்கொண்டு நடப்பாள், இவள் தூணோரம் நின்று பார்ப்பாள். பூசை முடிந்ததும் கண்ணில் தூசி என்பாள். நான் பார்த்திருக்கிறேன். எனக்கு எப்படி இது தோன்றாமல் போயிற்று? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரம் வருவதற்கு முன்னாலும் அப்படி ஒன்றும் வழிந்து ஓடவில்லை.

"ரிப்பேருக்குப் போயிருக்கு. வந்துடும்" என்றேன்.

"உன் மாப்பிள்ளைக்குப் பைத்தியம்ண்ணே. பாப்பா பாக்கணும்னுதான் அந்த மானையே கொண்டாந்தாரு. அவளுக்கு இன்னும் என்னையே சரியாத் தெரியல, மான் தெரியுமா?" என்று சிரித்தாள்.

அந்த மனுஷனுக்கு வேறு தண்டனை யோசித்துக்கொள்ளலாம். பாலனை எடுத்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். நாளைக் காலை முதல் வேலை.

டிசம்பர் 21

வாளி இல்லை.

ஷெட்டில் காலி வாளி ஒன்றுகூட இல்லை. ஹால் கலர் மிச்சம் மட்டும் இருக்கிறது.

"பண்டிகைக்கு வீடு சுத்தமா இருக்க வேணாமா? பழைய இரும்புக்காரர் வண்டி போச்சு, கூப்பிட்டுப் போட்டேன்" என்றாள் மனைவி.

"எப்போ?"

"பதினாலாம் தேதி. ஏங்க, முகம் இப்படிப் போகுது?"

"அதுல ஒண்ணு கனமா இருந்திருக்குமே!"

"கெட்டியாப்போன பெயின்ட்னு நினைச்சேன்."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஏன்யா, செருப்புக்குப் பக்கத்துல வச்சாங்கன்னுதானே உனக்குக் கோபம்?" என்று மட்டும் கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'நீ' என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

பதினாலாம் தேதி. அன்றைக்குத்தான் மாப்பிள்ளையின் முகத்தை மூன்று தடவை நினைத்துச் சுகப்பட்டேன். பழியைத் தினமும் எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். பாலனை ஒருநாளாவது மூடியைத் திறந்து பார்த்தேனா?

டிசம்பர் 22

இரண்டு கடை. இல்லை. ஒருவன் சிரித்தான்.

டிசம்பர் 23

மூன்றாவது கடை, ரயில் பாதையை ஒட்டி. வாசலிலேயே உடைந்த மின்விசிறி மலை. கடைக்காரர் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து செம்புக் கம்பி உரித்துக்கொண்டிருந்தார்.

"பெயின்ட் வாளி..." என்று ஆரம்பித்தேன்.

"வாளி போயிடுச்சுங்க. உள்ள இருந்த ஆளத் தேடி வந்தீங்களா?"

தலைக்கு மேலே கை காட்டினார். தராசுக்கு மேல் ஒரு பலகை. அதில் வேறு எதுவும் இல்லை. துவைத்த துண்டு ஒன்றை நாலாய் மடித்து விரித்து, அதன்மேல் பாலன் தூங்குகிறது. மூக்கில் சிராய்ப்பு, ஒரு கன்னம் முழுக்க வாளியில் இருந்த வெள்ளை.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, பக்கத்தில் இருந்த ரேடியோவைக் காட்டி, "ரிப்பேரா? காத்துதான் வருது" என்றேன்.

"பாடுதுங்க. புள்ள தூங்குதுல்ல, அதான் கொறச்சு வச்சிருக்கேன்."

வேடிக்கையாகச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. கம்பியை உரித்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க கோயிலுக்கு வர்றவரா?"

"நமக்கு ஞாயித்துக்கிழமைதாங்க வியாபாரமே." பாலனைத் துண்டோடு எடுத்துக் கொடுத்தார். "யார் வீட்டுப் புள்ளைன்னு கேட்டு யாராச்சும் வருவாங்கன்னு பாத்துட்டே இருந்தேன். இத்தன நாளா நீங்க தேடலையா?"

"தேடினோம்" என்றேன்.

துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். வீடு வரும்வரை மாப்பிள்ளையைத் திட்ட ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. வெட்கத்துக்கும் கோபத்துக்கும் ஒரே நாற்காலிதான் போலிருக்கிறது.

டிசம்பர் 24, மதியம்

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மூக்கில் பட்டி வைத்தேன். சுவருக்கு அடிக்கிறவன் முகத்துக்கு அடித்தால் எப்படி இருக்கும்? தோல் நிறத்துக்கு ஷெட்டில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு கோட்.

மகள் பார்த்தாள். "அத்தை வீட்டு ஹால் மாதிரியே இருக்குப்பா" என்றாள்.

டிசம்பர் 25

நேற்று மாலைப் பூசைக்கு முன் கோயில் பின்கட்டு அறை. மாப்பிள்ளைக்குச் சிவப்பு அங்கி, வயிற்றில் தலையணை, கையில் பஞ்சுத் தாடி. பாலன் கிடத்தப்பட்டதும் பாட்டு அலற, தாத்தா முற்றத்துக்குள் வர வேண்டும் என்று ஏற்பாடு. நான் பாலனைத் தங்கையிடம் கொடுக்கப் போனேன். இவர் கையில் வாங்கி விளக்கில் காட்டினார்.

"மச்சான், இது எங்க வீட்டு ஹாலாச்சே?"

"மிச்சம் இருந்துச்சு."

அப்புறம் சொன்னேன். வாளி, வேட்டி, பழைய இரும்புக் கடை, ரேடியோ, எல்லாம். எதற்காகச் செய்தேன் என்பதையும். மாடு, சூசையப்பர் என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. இந்த வயதில், ஒரு மாட்டுக்காக.

அடிப்பார் என்று நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தார். தலையணை நெஞ்சுவரை ஏறியது.

"எங்கிட்டயே வந்து திட்டியிருக்கலாம்ல மச்சான். சிரிச்சீங்களே அன்னிக்கு!"

"சிரிச்சேன்."

பிறகு, "எல்லாம் சரி. மானுக்கு எதுக்கு என் மீசை?" என்றார்.

இத்தனை நாளாகத் தெரிந்திருக்கிறது. அழிக்கச் சொல்லவில்லை.

விளக்கு அணைந்தது. தங்கை நடந்து வந்தாள். அந்த வெள்ளைச் சட்டை சரியான அளவு. பாலனைப் பார்த்தபடியே வந்தாள், எந்தத் தூணையும் பார்க்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே குனிந்து கிடத்தினாள். மணி அடித்தது. ஒலிபெருக்கிக்காரர் அவசரப்பட்டுத் தாத்தா பாட்டைப் போட்டுவிட்டார். என் மனைவி கையில் இருந்த குட்டிப் பாப்பா வீரிட்டு அழுதாள். இருட்டுக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் குரல்:

"யப்பா, கொறைங்கப்பா! புள்ள தூங்குதுல்ல!"

எந்தப் பிள்ளையைச் சொன்னார் என்று கேட்கவில்லை. பாட்டு நின்றது. தாடி இல்லாமல் வந்தார். பாப்பாவைத் தோளில் வாங்கிக்கொண்டு குடிலுக்கு முன் மண்டியிடப் பார்த்தார், தலையணை இடித்தது. உருவிச் செருப்புகளுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுக் குனிந்தார். அவர் பின்னால் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். எல்லோருக்கும் இடம் போதவில்லை. செருப்புகளை நகர்த்தி நகர்த்தி நின்றார்கள். நடு முற்றத்தில் மான் மட்டும், எதிரே ஆளே இல்லாமல், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தது.

பாலன் கன்னத்தில் பெயின்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. முத்தம் வைத்தவர்கள் உதடெல்லாம் மாப்பிள்ளை வீட்டு ஹால்.

ஜனவரி 4

அலங்காரம் எல்லாம் கழற்றியாயிற்று. அடுத்த வருஷம் மானை எங்கே வைப்பது என்று கமிட்டியில் கேள்வி. "குடில்ல, மாட்டுக்குப் பக்கத்துல நிக்கட்டும். மச்சான் கட்டினா எது எதுன்னு யாருக்கும் தெரியவா போகுது?" என்றார் மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

சாயங்காலம் பழைய இரும்புக் கடைக்குக் கேக் கொண்டுபோனேன். நானும் வருகிறேன் என்று மாப்பிள்ளையும் கூடவே வந்தார், பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு. வழியிலேயே தூங்கிவிட்டாள்.

பலகை காலியாகத்தான் இருந்தது. துண்டு மட்டும் நாலாய் மடித்தபடி. கடைக்காரர் என்னைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார்.

"இது நெஜப் புள்ளையா?" என்று கேட்டபடி, கை நீட்டி ரேடியோவைக் குறைத்தார்.