அறுபத்திரண்டு மீட்டர்

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் நினைத்தேன். கை வரவில்லை. இங்கே நாங்கள் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீ.

நம் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் மரக்கிடங்கு இருந்ததே, அதை இடித்துவிட்டுப் பொது வாகன நிறுத்துமிடம் கட்டப் போகிறார்கள். இருநூறு கார் நிற்குமாம். அனுமதியும் கொடுத்தாகிவிட்டது. பள்ளிக்கூட வாசலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் அப்படிப்பட்ட இடத்துக்கு வழி வைக்கக் கூடாது என்று நகரமைப்பு விதி இருக்கிறதே, எப்படிக் கொடுத்தார்கள் என்று இங்குள்ள அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டேன். குமாஸ்தா கோப்பைத் திருப்பிக் காட்டினார். நம் வீட்டில் நான் நடத்தும் பாலர் பள்ளிக்கும் அந்த வழிக்கும் அறுபத்திரண்டு மீட்டர். கீழே ‘நேரில் பார்வையிட்டேன்’ என்று ஒரு வரி. அதன் கீழே உன் கையெழுத்து.

“உங்க தம்பிதானேம்மா தலைமை அலுவலகத்துல இருந்து அளந்து குடுத்திருக்காரு? எங்கள வந்து திட்டுனா எப்படி?” என்றார் அவர். என் மானம் கப்பலேறியது.

வீட்டுக்கு வந்து பள்ளி ஆயாவும் நானுமாக அளந்து பார்த்தோம். ஒன்பது மீட்டர். நாடாவை உதறிப் பிடித்து இன்னொரு தடவை அளந்தோம். அதே ஒன்பதுதான்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ பெரிய தெருப் பக்கத்துக் கேட்டிலிருந்து கணக்குப் போட்டிருக்கிறாய். சின்ன வயதில் ஏறி உட்கார்ந்து ஆடுவாயே, அந்த கேட். பிறந்து வளர்ந்த வீடு, போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே வரைபடத்தில் கோடு இழுத்துவிட்டாய். அந்த கேட் இல்லாமல் போய் ஆறு வருஷம் ஆகிறது. சொந்த அக்காவின் பள்ளி, வேறு யாராவது போய் அளக்கட்டும் என்று ஒதுங்கவாவது தெரிந்ததா உனக்கு?

இன்னொன்றும் கேட்டுக்கொள். நிறுத்துமிடம் திறந்துவிட்டால் அதே ஐம்பது மீட்டர் விதி என் மேல் திரும்புமாம். பள்ளி உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்களாம். முப்பத்தொரு பிள்ளைகள். பெற்றோர் வந்து கேட்கிறார்கள். விதி எழுதுகிற அலுவலகத்தில் இருப்பவனின் அக்கா என்று பெருமை பேசிய வாயால் என்ன பதில் சொல்வேன்?

கேட்டை ஏன் மாற்றினோம் என்று உனக்குத் தெரியாது. அப்பாவுக்குக் கால் விழுந்த பிறகு முன்பக்கப் படிகளில் சக்கர நாற்காலி இறங்கவில்லை. முன்வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, சந்துப் பக்கம் சரிவாகத் தளம் போட்டு கேட் வைத்தோம். சாயங்காலமானால் அங்கேதான் இருப்பார். பஸ் நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவரை அடக்கம் செய்த அன்றுதான் நீ வந்தாய், மயானத்திலிருந்தே பஸ் ஏறிவிட்டாய். வீட்டுக்கு வந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்திருந்தால் கேட் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

மன்னிப்புக் கடிதம் எதுவும் அனுப்பாதே, கிழித்துப் போடுவேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மறு அளவீடு. அளந்தவரே நேரில் வந்து தவறு என்று எழுதிக் கொடுத்தால்தான் அனுமதியை நிறுத்த முடியும் என்கிறார்கள். உன் வேலைக்கு ஆபத்து என்பது எனக்கும் தெரியும். தெரிந்துதான் கூப்பிடுகிறேன். வா.

உடம்பைப் பார்த்துக்கொள். இரவுப் பஸ்ஸில் வருவதானால் ஜன்னலோரம் உட்காராதே, உனக்குச் சளி பிடித்துக்கொள்ளும்.

வந்ததும் பழைய ஞாபகத்தில் முன்பக்கம் போய் நிற்காதே. அங்கே சுவர்தான் இருக்கிறது. சந்து வழியாக வா. கேட்டைத் திறந்து வைத்திருக்கிறேன்.

உன் அக்கா