வியர்வையில் கை வைக்க மாட்டேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

கைக்கு வந்த பெரிய வேலை ஒன்றை நேற்று வேண்டாமென்று சொல்லிவிட்டேன். பயப்படாதீர்கள், நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளா?

ஒரு மேடை நாடகத்தை மூன்று கேமராவில் எடுத்திருக்கிறார்கள். மூன்றிலும் மூன்று நிறம். அதை ஒரே நிறமாகச் சீராக்குவதுதான் என் வேலை. தயாரிப்பாளர் என் பின்னால் உட்கார்ந்துகொண்டு நாயகியின் முகத்தைக் காட்டினார்.

"இந்த வேர்வையை எடுத்துடும்மா. பளபளன்னு அசிங்கமா இருக்கு."

"சார், அந்தம்மா ரெண்டு மணி நேரம் விளக்குச் சூட்டுல நின்னு ஒரே மூச்சுல நடிச்சிருக்காங்க. வேர்வையை எடுத்தா, வெட்டி வெட்டி எடுத்த சினிமான்னு நினைப்பாங்க."

"காசு குடுக்கறது நானா, அந்தம்மாவா?"

"நீங்கதான். அதுக்காக அவங்க உழைப்பை நான் துடைக்கணுமா? வேற கடை பாருங்க."

போய்விட்டார். இந்த மாத வாடகைக்கு அந்த வேலையைத்தான் நம்பியிருந்தேன். ஆனாலும் கூப்பிடவில்லை. இன்று அவரே வந்தார். வேறொரு கடையில் துடைத்துப் பார்த்தாராம், முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிட்டதாம்.

பக்கத்து நிறம் பட்டுக் கண் ஏமாறக் கூடாதென்று என் வேலை அறைச் சுவரெல்லாம் சாம்பல் நிறம். நாள் முழுக்க அதற்குள்தான் இருக்கிறேன். அம்மாவிடம் சொல்லி ஒரு படுக்கை விரிப்பு அனுப்புங்கள். கண்ணைப் பறிக்கிற நிறமாக இருக்கட்டும். அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

தயாரிப்பாளர் வாசலில் காத்திருக்கிறார், முடிக்கிறேன். அவரிடம் சொல்லப்போவது இதுதான்: பேசிய கூலியில் ஒரு காசு குறையாது, பாதி முன்பணம், வியர்வை அப்படியே இருக்கும்.

உங்கள் மகள்