சரிவின் கடைசிக் கற்றாழை

இல்லை, மொலெஃபி அண்ணா, நீ கேட்ட கற்றாழை பிழைக்கவில்லை. தூரத்தில் இருக்கும் உன்னைக் காக்கும் என்று அம்மா வாசலில் நட்டது. குளிர்காலம் முடியுமுன் நடுக்குருத்திலிருந்து அழுகிவிட்டது. நலம் விசாரிக்குமுன் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஊரில் எல்லா வாசலிலும் அப்படித்தான். வெளியாட்கள் லாரியில் வந்து மலையின் சுருள் கற்றாழையைத் திருடுகிறார்கள் என்று போன வருடம் தலைவர் ஊர்க்கூட்டத்தில் சொன்னார். "அவனுங்க தோண்டுறதுக்கு முன்னால நாமளே தோண்டிருவோம். வீட்டுக்கு ஒண்ணு. வாசல்ல இருந்தா எவன் தொடுவான்?" நான் எழுந்தேன். தண்ணீர் நிற்காத செங்குத்துச் சரிவில்தான் அது வாழும், வீட்டு மண்ணில் அழுகும் என்றேன். "செடிக்கு வக்கீல் வந்துட்டாம்மா," என்றார் கடைக்கார லெரோதோலி. "மொதல்ல அதுகிட்ட ஃபீஸ் வாங்கு." கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் எல்லோரும் கடப்பாரையோடு ஏறினார்கள். அன்போடுதான். கம்பளியில் சுற்றி, குழந்தையைப் போல முதுகில் கட்டி இறக்கினார்கள்.

இப்போது மேலே ஒன்றே ஒன்று. பாறை விளிம்பில். பூத்திருக்கிறது. தேன்சிட்டு வந்து போகிறது. பக்கத்தில் இன்னொரு செடி பூக்காமல் விதை பிடிக்காது. அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து மகரந்தம் கொண்டுவரலாம். அரிய செடிகளைக் கணக்கெடுக்கும் என் துறையிடம் அதற்காகக் குதிரை கேட்டிருக்கிறேன்.

ஆடுகள் நலம். இந்த முறை பனி தாமதமாகத்தான் கரைந்தது.

நீ வேலை செய்யும் சுரங்கத்தின் மருத்துவர் உன் நுரையீரலைப் பற்றிச் சொன்னதாக நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அதிலிருந்து அவள் தூங்குவதில்லை. "வாசல் வெறுமையா கெடக்கு. அதான் புள்ள ரத்தமா துப்புறான். அந்த ஒண்ணையும் கொண்டாரணும்." பூ முடியும்வரை பொறு என்றேன். "நீ உன் பூவைப் பாரு. நான் என் புள்ளையப் பாக்குறேன்." நாளை விடிந்ததும் போவாளாம். அந்த விளிம்பில் அவள் முழங்கால் தாங்காது.

அண்ணா, ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்காதே. நடக்க முடிகிறபோதே வந்துவிடு. நீயே வாசலில் நின்றால் அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்காது. உன் வழியெல்லாம் மழை பெய்யட்டும்.

உன் தங்கை,
மொசா

பி.கு.: மேலே உள்ளதை நேற்றிரவு எழுதினேன். இன்று காலை அம்மா கிளம்புமுன் நானே ஏறினேன். பூத்தண்டோடு தோண்டி எடுத்துவந்து வாசலில் நட்டேன். பிறகு துறைக்கான அறிக்கையில், நம் சரிவுக்கு நேராக, அற்றுப்போனது என்று எழுதினேன்.