மூன்றாவது அறையில் ஒரு பெஞ்சு

ஆகஸ்ட் 4

டீச்சருக்கு,

நலம். உன் நலமறிய ஆவல். நான் எழுத வந்தவை:

1. நீ இருக்கும் நாட்டை நான் சுற்றிப் பார்த்தது.
2. உன் முழங்காலுக்கு ஏற்ற வழி.
3. தொலைவில் இருந்தாலும் நாம் ஒரே இடத்தைப் பார்க்க முடியும் என்பது.
4. ஒரு கேள்வி.

நீ மகன் வீட்டுக்குப் போய் ஐந்து வருடம் ஆகிறது. ஆறு வாரமாக அந்நாட்டு அரண்மனை, கோட்டை, அருங்காட்சியகம் எல்லாவற்றையும் கணினியிலேயே பார்த்து வருகிறேன். திரையில் அம்புக்குறியை அழுத்தினால் அடுத்த அறைக்குப் போகலாம். எங்கும் ஆளே கிடையாது. யார் காலையும் மிதித்துவிடுவோமோ என்ற பயம் இல்லை. அதனால்தான் எனக்குப் பிடித்துவிட்டதோ என்னவோ.

நீயும் அருங்காட்சியகத்தைப் பார்க்க வேண்டும். பின்வாசலில் படிகள் இல்லை. உள்ளே போனதும் வலப்பக்கம் மூன்றாவது அறையில் மர பெஞ்சு இருக்கிறது. இரண்டு முறை சரிபார்த்தேன். வரைபடம் இணைத்திருக்கிறேன்.

கேள்வி இதுதான்: நானும் அங்கேயே வந்துவிடட்டுமா? ஊர் இனி எனக்குப் புதிதில்லை. கேட்டது தவறென்றால் நான்காவதை விட்டுவிட்டுப் படி.

உன்,
நூலகர்


ஆகஸ்ட் 29

மகனின் அப்பாவுக்கு,

போனேன். தனியாக வேண்டாம் அத்தை என்று மருமகள் தடுத்தாள். கையில்தான் வரைபடம் இருக்கிறதே என்று கிளம்பிவிட்டேன்.

பின்வாசலைப் பூட்டி வருஷக்கணக்காகிறதாம். சுற்றி வந்து முன்வாசலில் இருபத்தெட்டுப் படி ஏறினேன். மூன்றாவது அறையில் பெஞ்சு இல்லை. கணினியில் தெரிவதெல்லாம் எப்போதோ எடுத்த படம் என்றார் காவலாளி. நின்றுகொண்டே இருந்தேன், கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். அங்கிருந்த ஒரு தமிழ்ப் பெண், "கூட யாரும் வரலையாம்மா?" என்று கேட்டாள்.

"வழி சொல்லி அனுப்பியிருக்காங்க" என்றேன். சிரித்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்று முப்பத்தெட்டு வருஷம் நீங்கள்தான் சொன்னீர்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தவள் திரும்பாமல் இருந்தது அதனால்தான். இத்தனை வருஷம் மகனுக்கு உதவி என்று சொல்லிச் சமாளித்தேன்.

நீங்கள் வர வேண்டாம். விழுந்து ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன், அதனால் கோபத்தில் எழுதியதாக நினைக்க வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரையை விடாமல் போடுங்கள்.

டீச்சர்


செப்டம்பர் 16

டீச்சருக்கு,

கடிதம் கிடைத்தது. காலில் வீக்கம் வடிந்துவிட்டதாக மகன் போனில் சொன்னான். எனவே இதற்கு நீ பதில் எழுத வேண்டிய அவசியமில்லை.

கடிதத்தைப் படித்ததும் கணினியில் அந்த அறையைத் திறந்து பார்த்தேன். நீ விழுந்த இடம் எதுவாக இருக்கும் என்று திருப்பித் திருப்பித் தேடினேன். தரை சுத்தமாக இருந்தது. வெளிச்சமும் நன்றாக இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டேன்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பாதி நிரப்பியிருந்தேன். எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அவசரத்தில் வாங்கிய பயணப் பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். இனி உனக்கு வழி எழுத மாட்டேன்.

முதல் கடிதத்தின் இரண்டாவது குறிப்பு தவறு என்று ஒப்புக்கொள்ளத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அது பழைய படத்தை நம்பியதால் வந்த பிழை. புதிய படம் கிடைத்தால் திருத்திவிடலாம். நாம் ஒரே இடத்தைப் பார்க்க முடியும் என்று எழுதியிருந்தேனே, அந்த மூன்றாவதுதான் தவறு.

நூலகர்