ஏழாவது மணிக்குள்

ஜினோ அப்பாவுக்கு,

மரச்சீனிக் கிழங்கு அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாளை மீன்கறியை மட்டும் சூடாக்கிக்கொள்ளுங்கள். வீட்டுச் சாவி பைபிள் பக்கத்தில் இருக்கிறது. நான் கம்பை ஊன்றிக்கொண்டு சர்ச் வரை நடந்துவிட்டு வருகிறேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னால் வர வேண்டாம்.

"அந்த ரிங்டோன எதுக்குட்டி தினமும் போடுத? பிள்ள செத்து வருசம் ரெண்டாச்சு" என்று நேற்று கத்தினீர்கள். எனக்குப் பைத்தியம் இல்லை. அன்று நீங்கள் கடையில் இருந்தீர்கள். நான் ஜெபத்துக்கு முழங்காலில் நின்றிருந்தேன். துபாயிலிருந்து ஜினோ போனில் கூப்பிட்டான். இந்த முட்டு என்னை எழும்ப விடவில்லை. போன் ஏழு முறை மணியடித்து நின்றுவிட்டது. மறுநாள் அவன் செத்த செய்திதான் வந்தது.

பிசியோதெரபிப் பெண் தினமும் பத்து முறை உட்கார்ந்து எழும்பத்தான் சொன்னாள். ரிங்டோன் நானாகச் சேர்த்தது.

நேசபாய்

தைலம் தீர்ந்துவிட்டது, கடையிலிருந்து வரும்போது வாங்கி வாருங்கள்.

இன்னொன்று. இன்று ஐந்தாவது மணியிலேயே எழும்பிவிட்டேன். போனைக் காதில் வைத்து, "சொல்லு மக்கா, அம்மா இஞ்சதான் நிக்கேன்" என்றேன்.