உன் கிளிஞ்சல் குடத்திலேயே இருக்கிறது

பழவேற்காடு, பிரமோதூத வருஷம் ஐப்பசி 21

நாகப்பட்டினத்துத் துறையில் பாய் தைக்கும் என் மகன் ராஜவேலுவுக்கு நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே மழைக்காலத்து இருமல் வராமல் வேளைக்குச் சாப்பிட்டு இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏரியில் வலை விடும் பாட்டை எடுக்கும் குடத்தின் வாயைத் துணியால் கட்டி அம்மன் கோயிலில் வைத்திருக்கிறார்கள், தை அமாவாசைக்கு மறுநாள் காலை வரை அதை அவிழ்ப்பதில்லை. இதை இன்று காலை ஊர்த்தலைவர் பெரியசாமி நம் வாசலுக்கு வெளியே நின்று என்னிடம் சொன்னார், என் காதால் கேட்டேன். குடத்துக்குள் மீதி இருப்பது ஒரே ஒரு கிளிஞ்சல். அது உன்னுடையது.

ஏன் அப்படி ஆயிற்று என்று வரிசையாகச் சொல்கிறேன், பதறாமல் படி. உன் அத்தை லோகாம்பாள் முந்தாநாள் காலை போய்விட்டாள். அதற்கு மூன்று நாள் முன்பு பெய்த மழையில் அவள் வீட்டு முகட்டு வளை முறிந்து கூரை பாதி உள்ளே சரிந்தது. நானும் உன் அம்மாவும் போனபோது உலர்த்தி வைத்த கருவாட்டை மடியில் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள், மேலே பார்த்து, வானம் வூட்டுக்குள்ள வந்துட்டுது பாரு தம்பி என்று சிரித்தாள். நம் வீட்டுக்கு நடந்தேதான் வந்தாள். அன்று இரவே காய்ச்சல். நான் பனையோலைக்கும் புது வளைக்கும் சொல்லிவிட்டு வந்தேன், ஓலை வந்தது, கட்ட ஆள் வரவில்லை, ஊரெல்லாம் காதுகுத்து வேலையில் இருந்தார்கள்.

காதுகுத்து உன் தங்கை அம்மணியின் குழந்தைக்கு. முந்தாநாள்தான் வைத்திருந்தோம். ஏரிக்கு அக்கரையிலிருந்து உறவுக்காரர்கள் விடியும்போதே நான்கு படகில் வந்தார்கள். மழை விட்டு ஏரி அசையாமல் கிடந்தது, தண்ணீருக்கும் வானத்துக்கும் ஒரே நிறம், படகுகள் எதன்மேல் வருகின்றன என்றே தெரியவில்லை, மஞ்சள் புடவைகள் மட்டும் காற்றில் மிதந்து வருவது போல இருந்தது. முப்பது வருஷமாக முகத்துவாரத்தில் நின்று கப்பல் பார்த்துக் கோட்டைக்குச் சொல்கிறவன் நான், எத்தனை படகு என்று எண்ண எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும், நீ இல்லாததால் உன் பழைய துண்டை மடித்துப் பலகைமேல் போட்டு வைத்திருந்தாள் அம்மணி. தட்டாருக்காகக் காத்திருந்தோம். அத்தை சுவரில் சாய்ந்தபடி கொஞ்சம் வெல்லம் கேட்டாள், உன் அம்மா கொடுத்தாள். கோட்டையில் எட்டு மணி அடித்து ஓய்ந்தபோது வெல்லம் கையிலேயே இருந்தது, அவள் இல்லை. குழந்தை அவள் கால்மாட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. சற்று நேரம் யாரும் அழவில்லை, எல்லோரும் அது அவள் தூக்கம் என்றே நினைத்தோம்.

அன்று மாலைதான் பாடு எடுக்கும் நாள். நீ போய் நாலு வருஷம் ஆயிற்று, முறையை மறந்திருப்பாயோ என்னவோ. ஏரியில் யார் எந்த நாள் எந்தத் துறையில் வலை விடுவது என்று கிளிஞ்சலில் வெட்டுப் போட்டுக் குடத்தில் இடுவார்கள், ஒவ்வொரு தலைக்கட்டும் கை விட்டு ஒன்றை எடுக்கும். ஊரில் இல்லாதவனுக்கு அவன் வீட்டு ஆண் எடுக்கலாம், இதுவரை உனக்கு நான் எடுத்தேன். எவன் பேருக்குக் கை விழவில்லையோ அவன் பேர் போய்விடும். பிணம் புறப்பட்ட வீட்டின் கை பதினாறு நாளைக்குக் குடத்தைத் தொடக்கூடாது. நான் கோட்டை வேலைக்குப் போனபோதே என் பேர் போய்விட்டது, நம் வீட்டுக்கு ஏரியில் இருப்பது உன் பேர் ஒன்றுதான்.

அங்கமுத்துதான் முதலில் வழி சொன்னான். அவன் மருமகன்தான் உன் முறை நாளில் வலை விட்டுப் பாதி மீனை நம் வாசலில் போட்டுவிட்டுப் போகிறவன், உன் பேர் போனால் அடுத்து ஏறுவது அவன் பேர். ஆனாலும் அங்கமுத்து என்னைத் தனியே கூப்பிட்டு, இன்னாண்ணே நின்னுக்கினே இருக்கற, அக்காவ அவங்க வூட்டுக்குத் தூக்கிக்கினு போயி அந்த வாசல்ல இருந்து பொணத்த எடு, உனக்குத் தீட்டு இல்லன்னு ஆயிடும் என்றான். கூரை இல்லாத வீட்டில் எப்படி வைப்பது என்றேன். அதற்கு இத்தினி பேரு எதுக்கு வந்துகிறாங்க, பொங்கல் துன்றதுக்கு மட்டுமா என்று கேட்டுவிட்டு அவனே ஓலைக்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். காதுகுத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் புது வேட்டியோடு கூரைமேல் ஏறினார்கள். பெண்கள் கீழிருந்து ஓலை எடுத்துக் கொடுத்தார்கள். இழவு வீட்டு அழுகையும், கயிறு பத்தவில்லை என்ற கூச்சலும், சமைத்ததை என்ன செய்வது என்ற கேள்வியும் ஒன்றாகக் கேட்டன. தூற்றல் விழுந்தது, பூநாரைகள் வரிசையாக அந்தக் கூரைக்கு மேலே போயின, ஒருவரும் கட்டுவதை நிறுத்தவில்லை. மூன்று மணிக்குத் தெற்குச் சாய்ப்பு தவிர மற்றது முடிந்தது.

திரும்பி வந்து அத்தையைத் தூக்கப் போனோம். உன் அம்மா தேவகி வாசலில் வந்து நின்றுகொண்டாள். அண்ணி தன் காலால இந்த வூட்டுக்கு வந்தாங்க, உயிரோட வந்தவங்களப் பொணமாத் திருப்பி அனுப்பமாட்டேன், அவங்க இன்னா விருந்தாளியா என்றாள். ராஜவேலு பாடு போயிடுமே என்றேன். போனா போவட்டும், அவன் இங்க இருந்திருந்தா அவன் எதிர்ல நீ இந்தப் பேச்சப் பேசியிருப்பியா என்றாள். உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை, கால்மாட்டில் என் கை ஏற்கெனவே போயிருந்தது. என் கூடப்பிறந்தவளை ஒரு கிளிஞ்சலுக்காகப் பாதிக் கூரைக்குக் கீழே கிடத்த நான் தயாராகத்தான் இருந்தேன்.

நம் வாசலிலிருந்தே போனாள். மணல்மேட்டில் அடக்கம் செய்து ஏரியில் முழுகிவிட்டு வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். கோயிலுக்கு எதிரே தென்னை மரத்தடியில் நான் தள்ளி நின்றேன். முப்பத்திரண்டு தலைக்கட்டில் முப்பத்தொரு கை விழுந்தது. மீந்தது எந்த நாள், எந்தத் துறை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கை விட்டு எடுத்தால்தான் அது ஒருவனுடையது. பெரியசாமி அங்கமுத்துவைப் பார்த்தார். ஊரே பார்த்தது. அங்கமுத்து காதைச் சொறிந்துகொண்டு, தீட்டு அப்பன் கைக்குத்தான, பையன் கை நாகப்பட்டினத்துல கீது, அது வந்து எடுக்கட்டும் என்றான். அவன் மருமகன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஒருவர், சேதி கேட்டா அவனுக்கும் தீட்டுத்தான் என்றார். அவன் இருக்கற வாசல்ல இருந்து பொணம் போவல, முழுகினா போதும், வர்றதுக்கே இருபது நாளு ஆவும் என்று பெரியசாமி முடித்தார். இந்தப் பாட்டுக்கு என் கை இனி செல்லாது, தை அமாவாசைக்கு மறுநாள் நீயே வந்து எடுக்காவிட்டால் உன் பேர் போய்விடும்.

அதனால் இதைப் படித்ததும் தலை முழுகு. பாதியில் எழுந்து போகாதே என்றுதான் இதைக் கடைசியில் சொல்கிறேன். அத்தைக்கு ஒரு பிடி வெல்லம் தண்ணீரில் விடு. புறப்பட்டால் கடல் வழி வேண்டாம், இந்தப் பருவத்தில் வடக்கே தோணி ஏறாது, நடந்து வருகிறவர்களோடு சேர்ந்து வா. அம்மா உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள், உன் பாடு போனால் போகட்டும் என்று அவள் சொன்னதை நீ தப்பாக எடுத்துக்கொள்வாயோ என்று இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கும் ஒரு வரி எழுது.

இந்தக் கடிதத்தைத் துணி மூட்டையோடு போகிற கோபால் கொண்டு வருகிறான். மார்கழி பதினைந்துக்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறான். நீ வருகிறாயா என்பது எனக்கு இன்னும் தெரியாத செய்தி, அது அவன் கையில்தான் வரவேண்டும். வரவில்லை என்றாலும் அதைச் சொல்லி அனுப்பு, நான் கோபப்படமாட்டேன், உனக்காகப் பேசிய அங்கமுத்துவைச் சும்மா காக்க வைக்கக் கூடாது. உன் முறை முதலில் வருவது கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள். அன்று ஏரியில் அந்தத் துறையில் ஒருவரும் வலை விடமாட்டார்கள், தை வரைக்கும் உன் நாள் ஒவ்வொன்றும் அப்படியேதான் கிடக்கும், மீன் தன்பாட்டுக்கு வந்து தன்பாட்டுக்குப் போகும்.

நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் நைனா
துளசிங்கம்