நிலத்தில் வைக்க வேண்டிய கதிரை

11.02.2013

இன்றும் முன்பள்ளியால் வந்தபோது பிள்ளை ரஜிதா மச்சாளின் மடியில், மச்சாள் கதிரையில். வீட்டில் இருப்பது ஒரேயொரு பிளாஸ்டிக் கதிரை. அது என் கணவர் ரொபின்சனின் அக்காவுக்கென்றே எழுதி வைத்த மாதிரி. மீன் வெட்டுவதும் அதில், மகளுக்குத் தலை வாருவதும் அதில். நிலத்தில் இருந்தால் மகாராணிக்கு என்ன குறைந்துவிடும்?

ஆனால் அவரை விட்டால் எனக்கு யார்? நான் படிப்பிக்கப் போகும் நாலு மணித்தியாலமும் அனுஜாவை அவர்தான் பார்க்கிறார். அவருடைய மகள் இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்துப் பள்ளிக்கு வருகிறாள். என் மகள் அவர் கையில். கை விறைத்துப் போகிறதாம், பிள்ளையை இருத்தி வைக்க ஏதாவது வாங்கச் சொல்கிறார்.

ரொபின்சனுக்குச் சக்கரம் பூட்டிய நடைவண்டி வேண்டுமாம். முருங்கனில் அவர் வேலை செய்யும் வீட்டில் ஒன்று நிற்கிறதாம். மண் நிலத்தில் சக்கரம் எப்படி உருளும் என்று கேட்டேன். மேசன் வேலை செய்கிற மனிதன். ஊருக்கெல்லாம் சீமெந்து பூசுகிறார், எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக மண்.

16.02.2013

மச்சாளுடன் மன்னாருக்குப் போய் வந்தேன். பஸ் நிலையத்தில் ஒரு கழுதை அசையமாட்டேன் என்று நின்றதிலேயே பாதிப் பொறுமை போய்விட்டது.

ஜமால்தீன் நானாவின் கடையில் பிள்ளைகளை நிலத்தில் இருத்துகிற இருக்கை இரண்டு விதம் இருந்தது. ஒன்று பஞ்சு அடைத்தது, பார்க்க வடிவு, ஒரு பக்கம் அமத்தினால் அப்படியே சாய்ந்தது. மற்றது கட்டியான றப்பர், அடி அகலம், இடுப்புக்குப் பட்டி. கால் விடும் ஓட்டைக்குள் என் கையை விட்டுப் பார்த்தேன். தொடை இறுகாது. அதையே எடுத்தேன்.

கேட்கும்போது "குட்டி நாற்காலி" என்று வாய் தவறிவிட்டது. மண்டபம் முகாமில் இருபது வருடம் வளர்ந்த வாய். மச்சாள் கடை நடுவில் நின்று "இந்தியாக்காரி" என்று சிரித்தார். சரி, இனிக் கதிரை என்றே சொல்கிறேன். குட்டிக் கதிரை. சந்தோசமா?

20.02.2013

ஊர்க் குழந்தைகளைப் பார்க்க வரும் மருத்துவமாது அருள்நாயகி மிஸ் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் கவிழ்த்து அடியில் இருந்த ஆங்கிலத்தை வாசித்தார். பிள்ளையின் தலை ஆடாமல் நிமிர்ந்து நிற்கும் வரை இருத்தவே கூடாதாம், இன்னும் மூன்று கிழமை பொறுக்கச் சொன்னார். பிறகும் ஒரு தரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான். பட்டி போடவேண்டும். கை எட்டும் தூரத்தில் ஆள் இருக்கவேண்டும். நித்திரை கொண்டால் தூக்கிவிட வேண்டும். மேசை, கட்டில், வாங்குப் பலகை, ஒன்றிலும் ஏற்றக்கூடாது.

"நிலத்தில மட்டும். விளங்குதோ?" என்றார்.

ஓம் என்றேன். மச்சாள் குசினிக்குள் அடுப்படியில் நின்றார். அவரையும் கூப்பிட்டிருக்கலாம்.

22.02.2013

கதிரையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியதற்கு மச்சாளோடு ஒரு சண்டை. வாங்கினது அழகு பார்க்கவோ என்கிறார்.

13.03.2013

மூன்று கிழமை முடிந்தது. தலை நன்றாக நிற்கிறது. பாயை விரித்து, கதிரையை வைத்து, பட்டியைப் போட்டு இருத்தினேன். பெரிய உத்தியோகத்தர் மாதிரி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். நாலாவது நிமிடம் வீரிட்டாள். தொடையில் சிவப்பெறும்பு. மண் நிலத்தில் பாய் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன.

பள்ளிக்கு வெளிக்கிடும்போது கதிரையை நிலத்தில வையுங்கோ என்று சொன்னேன்.

"கதிரையை நிலத்தில வைக்காமல் கூரையிலயோ வைக்கிறது?" என்று மச்சாள் சிரித்தார். நானும் சிரித்தேன்.

15.03.2013

தவக்காலத்துக்குக் கோபத்தை விடுகிறேன் என்று நேர்ந்தவள் நான்.

இன்று பள்ளி நேரத்தோடு விட்டது. வந்து பார்த்தால் பிள்ளை மேசையில். மேசைக்கு மேல் கதிரை, கதிரைக்குள் பிள்ளை, பக்கத்தில் மச்சாள் கீரை ஆய்கிறார். உயிரே போய்விட்டது. தூக்கிக்கொண்டு கத்தினேன். மருத்துவமாது சொன்னதை எல்லாம் சொன்னேன், சொன்னேனா, கத்தினேனா. அவர் எழும்பவில்லை.

"செட்டிகுளத்துச் சேத்தில நாங்கள் படுத்தெழும்பினது போதும். என்ர தம்பியின்ர பிள்ளையும் நிலத்திலயோ?"

இது என்ன கதை? முகாமில் கிடந்தது அவர் மட்டுமா? மண்டபத்தில் நான் கிடக்கவில்லையா? ரொபின்சனிடம் சொன்னால், அக்காவோடு கொழுவாதே என்கிறார். எறும்பு கடிக்காமல் இருக்கத்தானே மேலே வைத்தாராம். அவருக்கு எப்போதும் அக்காதான் சரி.

19.03.2013

விழுந்திட்டாள். மேசையால. நாய் கருவாட்டை இழுத்ததெண்டு மச்சாள் முற்றத்துக்கு ஓடினவ, அவ்வளவுதான், அதுக்குள்ள பிள்ளை பின்னால வளைஞ்சு உந்தி, பட்டியோட, கதிரையோட — பட்டி போட்டவவாம். மேசையில வச்சுப் பட்டி போட்டென்ன? சொன்னனானே. நாலு நாளைக்கு முதல் கத்திக் கத்திச் சொன்னனானே.

மன்னார் ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். நெற்றியில் முட்டை அளவு வீக்கம். குடித்த பாலையெல்லாம் இரண்டு தரம் சத்தி எடுத்தாள். தலையைப் படம் பிடித்திருக்கிறார்கள்.

20.03.2013

எலும்பு உடையவில்லை. இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டுமாம்.

மச்சாள் காலை பஸ்ஸில் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் கிடந்தது, நேர்ஸ் இருக்கச் சொன்னார். இருக்கவில்லை. பார்வையாளர் நேரம் முடியும் வரை சுவரோடு நின்றார். நிற்கட்டும், கால் உளையட்டும் என்று விட்டுவிட்டேன். என் பிள்ளையைத் தொடவும் விடவில்லை.

24.03.2013

குருத்தோலை ஞாயிறு. நேற்று முன்தினம் வீட்டுக்கு வந்துவிட்டோம். வீக்கம் வற்றுகிறது, சிரிக்கிறாள், பால் குடிக்கிறாள். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டேன். இனி என் பிள்ளையை யாரிடமும் விடுவதாக இல்லை. வேலை போனால் போகட்டும்.

கோவிலில் பெண்கள் எல்லாரும் நிலத்தில் இருக்க, மச்சாள் மட்டும் கடைசித் தூணோடு நின்றார். எத்தனை ஞாயிறு பார்த்திருக்கிறேன், இன்றுதான் கண்ணில் பட்டது.

27.03.2013

ரொபின்சன் சொன்னார். எனக்கு இவ்வளவு நாளும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறார். சண்டை முடிந்த வருடம் செட்டிகுளம் முகாமில் மழைத் தண்ணீர் கூடாரத்துக்குள் வந்தபோது மச்சாளின் மகள் ஏழு மாதம். நிலமெல்லாம் சேறு. மூன்று நாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாராம். நாலாம் நாள் முடியாமல் நிலத்தில் கிடத்திவிட்டுக் கண் அயர்ந்தாராம். அன்று பிடித்த சளிதான் இந்த இழுப்பு என்று இன்றைக்கும் சொல்வாராம். அதற்குப் பிறகு அவர் நிலத்தில் இருந்ததே இல்லை.

கதையைக் கேட்டதும் என் கோபம் போய்விடும் என்று நினைத்தாரோ? போகவில்லை. மச்சாள் மேல் வைக்க முடியாமல் கையில் நின்றது. ரொபின்சன் மேலேயே போட்டேன்.

"நிலத்தில வை எண்டு எழுதிக் கிடக்கு. நிலம் எங்கயப்பா? ஊருக்கெல்லாம் பூசுறீங்கள், எங்களுக்கு எங்க?"

என்னிலும் பிழை இருக்கிறது. மருத்துவமாது சொன்னதை நிதானமாக மச்சாளுக்கு ஒருநாளும் சொல்லவில்லை நான். கதிரை கதிரை என்று அவருக்குப் பிடித்த பேரைச் சொன்னேன். கதிரை என்றால் மேசையோடு சேர்ந்தது என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

30.03.2013

பெரிய சனி. ரொபின்சன் வேலைக்குப் போகவில்லை. முன் அறையில் ஆறடிக்கு ஆறடி மண்ணை வெட்டி, கல் இடித்து, சீமெந்து போட்டார். முழு அறையும் பிறகாம். மச்சாள் மணல் அரித்தார், தண்ணீர் சுமந்தார். நான் பிள்ளையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

04.04.2013

வெடிக்காமல் இருக்கக் காலையும் மாலையும் மச்சாள் சீமெந்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். கேட்டால் நானும் ஊற்றியிருப்பேன். கேட்கவில்லை.

09.04.2013

உடுப்புத் தோய்க்க வேண்டியிருந்தது. பிள்ளையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோக முடியாது. சீமெந்து நிலத்தில் கதிரையை வைத்தேன், இருத்தினேன், பட்டியைப் போட்டேன். மச்சாளைப் பார்த்தேன். விழுந்த நாளுக்குப் பிறகு இன்றுதான் அவரிடம் நேராகப் பேசினேன். பத்து நிமிடம்தான், கை எட்டும் தூரத்தில் இருங்கோ என்றேன். தலையாட்டினார்.

கிணற்றடியில் ஒரு துணியும் ஒழுங்காகத் தோயவில்லை. இரண்டு வாளி ஊற்றிவிட்டு ஈரக் கையோடு ஓடி வந்தேன்.

பிளாஸ்டிக் கதிரை முற்றத்தில் வெறுமையாகக் கிடந்தது. மச்சாள் சீமெந்து நிலத்தில் காலை நீட்டி இருந்தார். இரண்டு காலுக்கும் நடுவில் அனுஜாவின் கதிரை. பிள்ளை அவருடைய பெருவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மச்சாளின் முகம் வியர்த்திருந்தது, ஒரு கை நிலத்தை அழுத்திப் பிடித்தபடி.

என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஈரம் இல்லை. தடவிப் பாத்திட்டுத்தான் இருந்தனான்" என்றார்.